ஜிகினாத் தூளும் கறுப்புக் கண்ணாடியும்

1987ஆம் ஆண்டு அக்டோபர் 28, புதன்கிழமை; சிவகாசியில் காலை முதலே தூறல். பொங்கல் வாழ்த்து அட்டைகள் அச்சிடும் அச்சகம் ஒன்றில், பெண்கள் மூவருக்கு 'மெட்ராஸ் ஐ' வந்து கண்கள் சிவந்திருந்தன. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிய முதலாளி செல்வக்கனி, கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு மூவரையும் வேலையைவிட்டு நீக்கினார்.

தரை துடைக்கும் முனீஸ்வரி முன்னே வந்தாள். "பார்வையில பரவாது முதலாளி. கை வழியாத்தான் பரவும்."

"பெரிய டாக்டரம்மா வந்துட்டாங்க. மத்தியானத்துக்குள்ள அதை எனக்குக் காட்டு. இல்லேன்னா நீயும் அவங்களோட கிளம்பு."

அட்டைகளில் ஒட்டும் ஜிகினாத் தூளை அவர் எதிரிலேயே தன் விரல்களில் தடவிக்கொண்டு, அவள் வழக்கம்போல் வேலை பார்த்தாள். கதவுகளைத் திறந்தாள், குழாயைத் திருகினாள். முதலாளியை மட்டும் நெருங்கவேயில்லை.

நண்பகலில் அவர் சிரித்தார். "உன் பக்கமே நான் வரல. எங்கேம்மா உன் தூள்?"

"கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டு, சுவத்துக் கண்ணாடியில பாருங்க முதலாளி."

அவருடைய இமைகள் இரண்டும் மினுமினுத்தன.

"கதவைத் தொட்டீங்க, கண்ணைக் கசக்கினீங்க. என் பார்வையா இதைக் கொண்டாந்து ஒட்டுச்சு?"

கூடியிருந்த பெண்கள் அனைவரும் தலைநிமிர்ந்து நின்றனர். முதலாளி அம்மூவரையும் நீக்கியதை ரத்துசெய்தார்.

அம்மூவரும் குணமாகும்வரை வீட்டில் ஓய்வெடுத்து, தத்தம் வேலைக்கே திரும்பினர். குழாயடியில் சோப்பு வைக்கப்பட்டது; பொதுத் துண்டு அகற்றப்பட்டு, ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு வந்தது. அவ்வாண்டு அங்கே வேறெவருக்கும் கண் சிவக்கவில்லை. முதலாளி மட்டும் மூன்று நாள் இமைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.