குருவம்மாள் போட்ட முடிச்சு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பேரெல்லாம் வேண்டாம், கதை அவரைப் பற்றியது இல்லை. அவருக்குக் கூடாரம் தைத்த குருவம்மாளைப் பற்றியது.

கூடாரக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. நூல் தீர்ந்தால் அறுத்துவிட்டுப் புதிதாகக் கோக்க வேண்டும். பழைய நூலோடு முடிச்சுப் போட்டு இழுக்கக் கூடாது, தையல் அங்கேதான் விட்டுப்போகும். அவரவர் ஊசியை அவரவரே கோக்க வேண்டும். முடியாதவர் ஊசியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

குருவம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஊசிக்காது இருக்கிற இடத்தில் ஒரு புகை மாதிரிதான் தெரிந்தது. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிக் குத்துவாள், போகாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குத்துவாள், போகாது. கண்ணை இடுக்கிக்கொண்டு குத்துவாள், விரலில்தான் ஏறும். கழுத்து வலிக்கும், தலை வலிக்கும். அப்புறம் யாரும் பார்க்காத நேரம் பழைய நூலின் வாலில் புது நூலை முடிந்து இழுத்துவிடுவாள்.

தைப்பதில்கூட அவளுக்குக் களைப்பு இல்லை. மறைப்பதில்தான் களைத்துப்போனாள்.

மழைக்காலம் வந்தது. ராஜா வேட்டைக்குப் போய்க் கூடாரத்தில் படுத்தார். தையல் விட்டு, தண்ணீர் நேராக அவர் முகத்தில் கொட்டியது. மறுநாளே கிழிந்த துணி கொட்டகைக்குத் திரும்பி வந்தது.

கொட்டகைத் தலைவர் சிங்காரம் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். அந்தத் துணியைத் தைத்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி குருவம்மாள். இன்னொருத்தி அவள் பக்கத்தில் உட்காரும் பூவாத்தாள், வாயாடி, சின்ன வயசு. இத்தனை வருஷம் தைத்த குருவம்மாள் கையில் முடிச்சு வருமா என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. பூவாத்தாளிடம் ஊசியைக் கேட்டார். தான் போடவில்லை என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

குருவம்மாள் உடனே எழுந்து உண்மையைச் சொன்னாள் என்றால் அது பொய். சிங்காரம் முதல் தடவை ஊசியைக் கேட்டபோது குனிந்துகொண்டாள். இரண்டாம் தடவை துணியை மடித்தாள். மூன்றாம் தடவை பூவாத்தாள் அழுதுகொண்டே ஊசியை நீட்டினாள். அதற்குமேல் குருவம்மாளால் தாங்க முடியவில்லை.

"அவளை விடுங்க. முடிச்சு என்னோடது. எனக்குக் கண்ணு தெரியலை."

சிங்காரம் நம்பவில்லை. கோத்துக் காட்டச் சொன்னார். அவள் குத்தினாள், போகவில்லை. எரிச்சலோடு பிடுங்கி, எப்படிக் கோப்பது என்று அவரே காட்டப் போனார். குத்தினார். தள்ளிப் பிடித்துக் குத்தினார். திரும்பி நின்று குத்தினார். அவர் கண்ணுக்கும் ஊசிக்காது புகைதான். கொட்டகையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஊசி பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஊசியைப் பூவாத்தாளிடம் நீட்டினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரே குத்தில் கோத்து, குருவம்மாள் மடியில் வைத்தாள்.

"பக்கத்துலயேதானே உக்காந்திருந்தேன். நீட்டியிருந்தா கோத்துக் குடுத்திருக்க மாட்டேனாக்கா?"

குருவம்மாளுக்கு மன்னிப்புக் கேட்கக்கூடத் தெம்பு இல்லை. கிழிந்த இடத்தை எடுத்து முடிச்சுகளைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அன்றோடு அந்த வழக்கத்தைச் சிங்காரம் எடுத்துவிட்டார். கண் தெரிகிறவர்கள் கோத்துக் கொடுத்தார்கள், கை பழகியவர்கள் தைத்தார்கள். ராஜா அப்புறம் நனையவில்லை.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இதுதான் நீதி: தன்னால் முடியாததை மறைக்கிறவர் தானும் களைத்துப்போவார், பக்கத்தில் இருப்பவரையும் பழிக்கு ஆளாக்குவார்.