நூறு பந்தும் ஒரு சீட்டும்

செம்பகராஜ் அண்ணாச்சி வாயத் தொறந்தா பொய் மட்டும்தான் வரும்னு கோவில்பட்டியில ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. கொட்டாவியும் வரும். இந்த ரெண்டு தவிர வேற ஏதாவது வந்துச்சான்னு கேட்டா, அதுக்குச் சாட்சி கெடையாது.

அன்னைக்கு ஞாயித்துக்கெழம, காலைல ஏழு மணி. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து மைதானத்துல வேன் ஒண்ணு உறுமிக்கிட்டு நிக்குது. கேட்டடி ஹாக்கி கிளப்பு பதினோரு வருசம் கழிச்சு ஒரு ஃபைனலுக்கு வந்திருக்கு. திருச்சியில, சாயங்காலம் நாலு மணிக்கு மேட்ச். ஆட்டக்காரப் பயலுக, கோச்சு மாசிலாமணி சார், டிரைவர் எல்லாரும் போக, மிச்சம் ஒரே ஒரு சீட்டு. அதுவும் கடைசியில, ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்துல. முழங்கால மடக்கித் தாடைக்கு முட்டுக்குடுத்து உக்காரணும். அந்தச் சீட்டுக்குத்தான் ரெண்டு பேருக்கு அடிதடி.

ஒருத்தர் நம்ம அண்ணாச்சி. வயசு நாப்பத்தாறு. நாலு வயசுலேருந்து சிலம்பம். கக்கூசுக்குப் போனாலும் கம்பு கூடப் போகும். கேட்டடி டீம் ஆடுன ஒரு மேட்சக்கூட அவரு விட்டதில்ல. அவரு சொல்றதுல உண்மைன்னு இருந்தா அது இது ஒண்ணுதான். அதனாலேயே அந்தச் சீட்டு கெடைக்காமப் போயிருமோன்னு நெனச்சாலே அவருக்கு நெஞ்சுக்குள்ள கம்பு சுத்துது.

இன்னொருத்தர் மெர்சியக்கா. மைதானத்து வாசல்ல வடைக்கடை. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால நின்னு அவங்க போடுற சத்தத்துல அம்பயரு விசிலக் கீழ போட்ட கதையெல்லாம் உண்டு. அவங்களும் ஒரு மேட்ச விட்டதில்ல.

மாசிலாமணி சார் கடிகாரத்தப் பாத்தாரு. "ரெண்டு பேருக்கும் பத்து நிமிசம். டீமுக்கு யாரால பிரயோசனமோ அவங்க ஏறுங்க. சீக்கிரம்."

"அறுபது வடை, ரெண்டு கேன் மோரு, சுளுக்குக்குத் தைலம்" அப்படின்னாங்க மெர்சியக்கா. "நான் பேசி முடிச்சிட்டேன் சார்."

வேனுக்குள்ளேருந்து பதினாலு பயலுகளும் ஒரே நேரத்துல எச்சி முழுங்குன சத்தம் கேட்டுச்சு. அண்ணாச்சி தன் கம்ப ஒரு தடவ பாத்தாரு. மனுசனோட மோதுனா ஜெயிச்சிரலாம். வடையோட எப்படி மோதுறது? உண்மையச் சொன்னா கதை கந்தல். அவரு நாக்கு அவரக் கேக்காமலே கெளம்பிருச்சு.

"வடைய எவன் வேணா சுடலாம் சார். என்னைய மாதிரி ஒரு ஆள சுட்டு எடுக்க முடியுமா? ஆறு வயசுல நான் கம்பு சுத்துனா கம்பு கண்ணுக்குத் தெரியாது. பாக்குதவனுக்கு வெறுங்கையோட நிக்க மாதிரி இருக்கும். ஒருநா எங்க வாத்தியாரு வந்து, 'ஏம்ல, கம்ப எங்க தொலச்ச?'ன்னு அறைஞ்சே போட்டாரு. அறைஞ்ச கை கம்புல பட்டு மூணு மாசம் கட்டு."

"பொறகு எப்படித் தெரிஞ்சிச்சாம் கம்பு இருக்குன்னு?" இது பிரிட்டோ. டீமோட லெஃப்ட் ஹாஃப். அண்ணாச்சி பேச ஆரம்பிச்சா சன்னல் சீட்டு பிடிச்சு உக்காந்துருவான்.

"நிறுத்துனேம்ல, தெரிஞ்சிச்சு."

"சரி, டீமுக்கு என்ன பிரயோசனம்?" சார் மறுபடியும் கடிகாரத்தப் பாத்தாரு.

"வாரேன் சார். ஒரு ஐப்பசி மாசம். அடமழை. நம்மூரு தீப்பெட்டி ஆபீசுல ஒரு குச்சி காயல. முதலாளி ஓடி வந்து, 'செம்பகராசு, நீதான் காப்பாத்தணும்'னு கையப் பிடிச்சிட்டாரு. போனேன். நடு ஆபீசுல நின்னு சுத்துனேன் பாருங்க. காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து. பன்னெண்டு லோடு குச்சி அரை மணி நேரத்துல சருகு மாதிரி காஞ்சிருச்சு."

"அடேயப்பா" அப்படின்னாங்க மெர்சியக்கா. "பக்கத்துல துணி காயப்போட்டிருந்தா அதையும் காய வச்சிருக்கலாம்."

"காய வச்சேனே! தெருவே கொண்டுவந்து கொடி கட்டுச்சு. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன் அக்கா. பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் வேகத்தக் கூட்டிட்டேன். காத்து சூடாகி நாலு கட்டு குச்சி தானா பத்திக்கிச்சு."

"அய்யய்யோ! பொறகு?"

"பொறகென்ன, எதிர்ப்பக்கமா சுத்துனேன். அணைஞ்சிருச்சு."

வேனுக்குள்ள ஒருத்தன் விசிலடிச்சான். அண்ணாச்சிக்குக் குளுந்து போச்சு. சார் மொகத்துல மட்டும் ஒரு அசைவும் இல்ல. அந்த மனுசன் முப்பது வருசம் ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்தவரு. வயித்துவலின்னு சொல்லி கிரவுண்டுக்கு வராத பயலுகளப் பாத்துப் பாத்துக் காது காப்புக் காச்சுப் போயிருந்துச்சு.

இது வேலைக்காகாதுன்னு அண்ணாச்சி ரசிகர் கணக்குல எறங்குனாரு.

"கம்ப விடுங்க சார். டீம் மேல எனக்கு உள்ள பாசத்தப் பாருங்க. என் கல்யாணத்தன்னைக்கு மேட்ச். முகூர்த்தம் ஒம்பதரை, மேட்ச் ஒம்பது மணி. மண்டபம் அந்தா அந்த மஞ்சக் கட்டடம். நான் என்ன செஞ்சேன்?"

"கல்யாணத்தத் தள்ளி வச்சீக" அப்படின்னான் பிரிட்டோ.

"எங்க மாமனாரு அருவாளோட நிக்காரு, எங்கிட்டு தள்ள? தாலியில மூணு முடிச்சு. மொத முடிச்சுதான் மாப்ள போடணும். மத்த ரெண்டும் நாத்தனாரு போடுவா. சரிதானா? நான் மொத முடிச்சப் போட்டேன். 'தங்கச்சி, மெதுவாப் போடு'ன்னு கண்ணக் காட்டிட்டு, மாலையோட பின்வாசல் வழியா ஓடுனேன். இங்க வந்தா நமக்கு பெனால்டி கார்னர். பாத்தேன். கோல். ஒரு குதி குதிச்சேன். திரும்ப ஓடுனேன். போய் நிக்கேன், தங்கச்சி அப்பத்தான் மூணாவது முடிச்ச இறுக்குதா. அய்யருக்குக்கூடத் தெரியாது."

"பொண்ணுக்கு?"

"அவ தலையக் குனிஞ்சிருந்தா. காலத்தான் பாத்திருக்கா. 'ஒங்க கால்ல ஏது இம்புட்டு செம்மண்ணு?'ன்னு இன்னைக்கு வரைக்கும் கேக்குதா."

இந்தத் தடவ டிரைவரே எஞ்சின நிறுத்திட்டுத் திரும்பி உக்காந்துட்டாரு. டீசல் மிச்சம், கதையும் கேக்கலாம். மெர்சியக்கா மட்டும் வடைத் தூக்குவாளிய இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்துனாங்க. மூடி லேசா ஆடி, உளுந்தவடை வாசன மைதானம் பூரா பரவிருச்சு. பயலுக மொகம் எல்லாம் சூரியகாந்தி மாதிரி அந்தப் பக்கம் திரும்பிருச்சு.

அண்ணாச்சி பதறிட்டாரு. கொரல ஏத்துனாரு.

"லேய், இங்க பாருங்கல! ஒரு செமி ஃபைனல்ல எதிர் டீம்காரன் அடிச்ச பந்து எகிறிப்போயி, ஓடுத ரயில்மேல விழுந்துருச்சு. வேற பந்து கெடையாது. ஆட்டம் அம்புட்டுத்தான்னு எல்லாரும் தலையில கைய வச்சிட்டான். நான் கம்ப எடுத்தேன். விட்டேன். கம்பு ரயில வெரட்டிப் போயிருச்சு..."

"கம்பு டிக்கெட் எடுத்துச்சா?" அப்படின்னான் பிரிட்டோ.

"அதத்தான்ல சொல்ல வாரேன்! அடுத்த ஸ்டேஷன்ல டிக்கெட் பரிசோதகர் பாத்திருக்காரு. பந்துக்கும் டிக்கெட் இல்ல, கம்புக்கும் டிக்கெட் இல்ல. ரெண்டையும் பிடிச்சு வெளிய வீசிட்டாரு. அவரு வீசுன வேகத்துல கம்பு பந்த அடிச்சு, பந்து நேரா வந்து நம்ம ஃபார்வர்டு கால்மாட்டுல விழுந்துச்சு. தட்டுனான். கோல்."

"கம்பு?"

"அது பொறவு அடுத்த ரயில்ல வந்துச்சு."

இந்தச் சமயத்துல கேட்டுப் பக்கமிருந்து செல்வின் நடந்து வந்தான். டீமோட கோல்கீப்பர். தலையச் சுத்தி ஒரு துண்டு. கன்னம் ரெண்டும் பூசணிக்காய வச்சுத் தச்ச மாதிரி வீங்கிக் கெடக்கு. பொன்னுக்கு வீங்கி. சார் ஓடிப்போயி ஹெல்மெட்ட அவன் தலையில மாட்டிப் பாத்தாரு. போகல. திருப்பிப் பாத்தாரு. அப்பவும் போகல. "சார், வலிக்குது" அப்படின்னு அவன் சொன்னது 'ழார், வழிக்குழு'ன்னு வந்துச்சு. வேற கோல்கீப்பர் கெடையாது. சார் அப்படியே வேன் படியில உக்காந்துட்டாரு.

அண்ணாச்சி இதையெல்லாம் பாக்கத்தான் செஞ்சாரு. ஆனா நாக்கு முழு வேகத்துல ஓடுறப்ப அவரு கண்ணுக்கு மரியாத குடுக்க மாட்டாரு. கடைசி அஸ்திரத்த எடுத்து விட்டாரு.

"இம்புட்டும் சின்னது. பெருச இப்பச் சொல்லுதேன். எங்க வாத்தியாரு எனக்கு வச்ச கடைசிப் பரீச்ச என்ன தெரியுமா? சுத்தி நூறு பேரு. ஆளுக்கு ஒரு ஹாக்கிப் பந்து, ஒரு மட்டை. நடுவுல நான். விசிலடிச்சதும் நூறு பேரும் ஒண்ணா அடிக்கான். அந்தால கண்ண மூடிக்கிட்டுச் சுத்துனேன் பாரு! ஒரு பந்து என் மேல படல. ஒரு பந்து என்னையத் தாண்டிப் போகல. நூறும் திரும்பிப் போயி அவனவன் டவுசர் பையில விழுந்துச்சு. அவனவன் பந்து அவனவன் பையில, கவனிங்க. மாறல."



மாசிலாமணி சார் மெதுவா எந்திரிச்சாரு. மொகத்துல மொத தடவயா ஒரு வெளிச்சம்.

"ஒண்ணுகூடத் தாண்டலியா?"

"ஒண்ணுகூட."

"செம்பகராஜ், சீட்டு ஒங்களுக்குத்தான்."

அண்ணாச்சி சந்தோசத்துல கம்ப ஆகாசத்துல தூக்கி எறிஞ்சாரு. கம்பு கீழ வர்றதுக்குள்ள அவரு ரெண்டு கையிலயும் கோல்கீப்பர் பேடு ரெண்ட வச்சிட்டாரு சார்.

"போட்டுக்கிட்டு போஸ்ட்டுல நில்லுங்க. பிரிட்டோ, ரெண்டு பந்து அடிச்சுப் பாரு."

அப்பத்தான் நடந்தது என்னன்னு அண்ணாச்சி மண்டைக்குள்ள போச்சு. கூடவே கம்பும் வந்து விழுந்துச்சு, மண்டையிலதான்.

"சார், நான் வந்து... உக்காந்து பாக்கலாம்னு..."

"பெயர்ப் பட்டியல்ல ஒரு எடம் காலியா விட்டிருக்கேன். ஆதார் கார்டு மட்டும் போதும்."

"அது வீட்ல கெடக்கு சார்" அப்படின்னாரு அண்ணாச்சி, உசுரு திரும்பி வந்த மாதிரி.

"வேன் ஒங்க வீட்டு வழியாத்தான் போகுது அண்ணாச்சி" அப்படின்னான் பிரிட்டோ.

மெர்சியக்கா பக்கத்துல வந்தாங்க. "முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் ஏறிக்கிடுதேன். யாரும் தப்பா நெனைக்க மாட்டாக."

அதுதான் அவருக்குக் குத்துச்சு. இவ்வளவு வருசத்துல மொத தடவயா ஒரு மேட்ச விடணும். அதுவும் ஃபைனல. பேட எடுத்து மாட்டுனாரு. இடது காலுது வலது காலுக்குப் போச்சு. செல்வின்தான் சரி பண்ணி விட்டான்.

போஸ்ட்டுல போயி நின்னாரு. பிரிட்டோ பதினஞ்சு தப்படி தள்ளிப் பந்த வச்சான். சார் விசில ஊதுனாரு. ஊதுன உடனே அண்ணாச்சி என்ன செஞ்சாருன்னா, சிலம்பக்காரன் எவனும் எதிராளியப் பாத்ததும் செய்யறதச் செஞ்சாரு. குனிஞ்சு, பூமியத் தொட்டு, கண்ணுல ஒத்தி, எதிராளிக்கு சலாம் வச்சாரு. நாப்பத்திரண்டு வருசப் பழக்கம், ஒடம்பு தானா செஞ்சிருச்சு. அவரு பூமியத் தொட்டப்ப பந்து ரெண்டு காலுக்கு நடுவுல போயிருச்சு. கண்ணுல ஒத்துனப்ப வலையில விழுந்துருச்சு. நிமிந்து, "நீ அடிக்கலாம் தம்பி" அப்படின்னாரு.

"அடிச்சு முடிஞ்சிருச்சு அண்ணாச்சி."

"சலாம் முடியறதுக்கு முந்தி அடிச்சா செல்லாதுல! அது கோல் இல்ல, மரியாதக் கொறவு!"

சார் நெத்தியத் தேய்ச்சாரு. "ரெண்டாவது பந்து. சலாம் கெடையாது."

இந்தத் தடவ பிரிட்டோவுக்கு ரோசம் வந்துருச்சு. மரியாதக் கொறவுன்னு சொல்லிட்டாரே! பத்து தப்படி பின்னால போயி, ஓடி வந்து, வீசி அடிச்சான் பாருங்க. பந்து சீறிக்கிட்டு வருது. அண்ணாச்சி நாப்பத்திரண்டு வருசம் கத்துக்கிட்ட அடிமுறை, பூட்டுமுறை, கால்வரிசை எல்லாத்தையும் மறந்துட்டு, "யம்மா!"ன்னு கத்திக்கிட்டுத் திரும்பி ஓடப் பாத்தாரு. பேடு பேடுல சிக்கிருச்சு. குப்புற விழுந்தாரு. விழுறப்ப வலது காலு எக்குத்தப்பா மேல எந்திரிச்சுது. பந்து அந்தக் காலு பேடுல படார்னு மோதி, வந்த வழியே திரும்பிப்போயி பிரிட்டோ காலடியில நின்னுச்சு.

வேனே குலுங்குற மாதிரி கைத்தட்டு.

மண்ணுலேருந்து தலையத் தூக்கி ஒரு கண்ண மட்டும் தொறந்து பாத்தாரு அண்ணாச்சி. பந்து வலையில இல்ல. அந்த நிமிசமே நாக்குக்கு உசுரு வந்துருச்சு.

"பாத்தியால? இதுக்குப் பேருதான் தேள் வரிசை. நாலு தலைமுறைக்கு ஒருத்தனுக்குத்தான் வரும்."

"ஏறுங்க வண்டியில!" அப்படின்னு கத்துனாரு சார், கண்ணெல்லாம் ஈரமா.

ஆடலேன்னாலும் பாக்கவாச்சும் வாரேன்னு செல்வின் தன் சீட்டுல ஏறிக்கிட்டான். அந்த ஸ்டெப்னி சீட்டுல பேடும் அதுவுமா அண்ணாச்சியத் திணிச்சு வச்சாங்க. மெர்சியக்கா வடைத் தூக்குவாளிய அவரு மடியில வச்சு, "டீம பட்டினி போட்டுராதீக" அப்படின்னாங்க. வேன் ஸ்டார்ட் ஆச்சு. திருச்சிக்காரன் பிரிட்டோவ விட ரெண்டு பங்கு வேகமா அடிப்பான்னு முன் சீட்டுல எவனோ பேசிக்கிட்டது அண்ணாச்சி காதுல விழுந்துச்சு. வடை வாசனகூட ஏறல அவருக்கு. கடைசியா ஒண்ணு விட்டுப் பாத்தாரு.

"சார், ஒண்ணு யோசிச்சீகளா? நான் நின்னா பந்தே உள்ள வராது. அத்தன சனமும் கோலப் பாக்க வந்திருக்கும். ஒரு கோலும் விழாது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஊரே காறித் துப்பும் சார், ஹாக்கிக்கே கெட்ட பேரு. அதுக்குத்தான் சொல்லுதேன், என்னைய வெளிய உக்கார வச்சுட்டு..."

"அந்தக் கவலையே வேண்டாம் அண்ணாச்சி." சன்னல் வழியா மெர்சியக்காதான் சொன்னாங்க. "பூஜ்யத்துக்குப் பூஜ்யம்னா ஷூட்டவுட் வச்சிருவாக. ஒருத்தன் பந்தத் தள்ளிக்கிட்டு நேரா ஒங்ககிட்ட ஓடி வருவான். குறுக்க யாரும் நிக்க மாட்டாக. நீங்களும் அவனும்தான்."

அண்ணாச்சி வடைத் தூக்குவாளிய இறுக்கிக் கட்டிப்பிடிச்சாரு. "ஒரு தடவதான?"

"அஞ்சு தடவ" அப்படின்னாங்க மெர்சியக்கா. "ஒவ்வொரு தடவயும் வேற ஆளு."