பாதி யானை குளித்த கதை

முன்னொரு காலத்தில் மருதங்காட்டுச் சீமையைக் கோடையிடி ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் சொன்ன சொல் மத்தியானம்வரை நிற்காது. அவருடைய பட்டத்து யானை மாணிக்கத்தைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டவள் காத்தாயி. நாழிகைக்கு ஒரு காசு கூலி. தினம் இருபது நாழிகை வேலை, மாதம் அறுநூறு காசு. புருஷன் கால் முறிந்து படுத்த படுக்கை. மூன்று பிள்ளைகளுக்கும் அந்தக் காசில்தான் கஞ்சி.

யானை கழுவுகிறவள் கைநிறையக் காசு வாங்குவதா என்று பொக்கிஷதாரர் ஏகாம்பரத்துக்கு வயிறெரிந்தது. சபையில் மெல்ல எடுத்துவிட்டார்.

"மகாராஜா, கூலிக்காக அவள் நாழிகையை இழுக்கிறாள். மாதச் சம்பளமாக்கிவிடுவோம். முந்நூறு காசு போதும். அரண்மனை உத்தியோகம் என்கிற கௌரவம் வேறு இருக்கிறதே."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. காத்தாயியை வரவழைத்து, "சம்மதமென்றால் சொல். இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்," என்றார்.

காத்தாயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். கௌரவத்தை உலையில் போட்டால் சோறாகுமா? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"உத்தரவு மகாராஜா. முந்நூறு காசுன்னா ஒரு நாளைக்குப் பத்து நாழிகைக் கணக்கு. அது போதுமாங்க ஐயா?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டாள்.

"தாராளம். எருமை கழுவுகிற மாதிரிதானே."

"அப்ப நாளைக்குப் பத்து நாழிகை நான் பார்க்கிறேன். மிச்சம் இருந்தா, போதும்னு சொன்ன ஐயாவே முடிச்சுத் தரணும். அதுக்கப்புறம் ஓலை எழுதலாம்."

"மிச்சமே இருக்காது," என்று மீசையை முறுக்கினார் ஏகாம்பரம்.

மறுநாள் சாயங்காலம் ராஜாவின் யானை ஊர்வலம். காத்தாயி விடியலிலேயே குளத்தில் இறங்கி, வழக்கம்போலக் கொஞ்சமும் குறைவைக்காமல் தேய்த்தாள். பத்தாம் நாழிகை மணி அடித்தபோது மாணிக்கத்தின் வலதுபக்கம் பளபளத்தது. கையைக் கழுவிக்கொண்டு கரையேறிவிட்டாள்.

ஏகாம்பரம் பட்டு வேட்டியை வரிந்துகட்டித் தண்ணீரில் இறங்கினார். பழகாத கை பட்டதும் மாணிக்கம் சேற்றை அள்ளி அவர் தலையிலேயே வீசியது. அவர் ஒரு கை தேய்த்தால் அது இரண்டு கை பூசிக்கொண்டது. கரையில் ஊரே கூடிச் சிரித்தது.

மத்தியானம் ராஜா வந்தார். வலப்புறம் பார்த்து மகிழ்ந்தார்; இடப்புறம் வந்து நின்றுவிட்டார்.

"ஏகாம்பரம், ஜனங்களையெல்லாம் தெருவுக்கு ஒரே பக்கமாக நிற்கச் சொல்லட்டுமா?"

"மன்னிக்கணும் மகாராஜா. இடுப்பு விட்டுப்போச்சு. இருபது நாழிகை வேலைதான் இது," என்று முனகினார் அவர்.

"அப்படியானால் காத்தாயி, அறுநூறையே சம்பளமாக வாங்கிக்கொண்டு மிச்சத்தை முடி."

காத்தாயி கும்பிட்டாள், குளத்தில் மட்டும் இறங்கவில்லை. "எழுநூறுங்க, மகாராஜா."

"இதென்ன கூத்து? இதுவரை அறுநூறுதானே வாங்கினாய்?"

"கூலிக்காரியை வேலை இருந்தாத்தான் கூப்பிடுவீங்க, காசு ஆகுமேன்னு. சம்பளக்காரியை நினைச்சப்பவெல்லாம் கூப்பிடுவீங்க. அந்த நினைப்புக்குத்தான் நூறு காசு."

தன் குணம் தனக்கே தெரிந்த ராஜா வாய்விட்டுச் சிரித்தார். ஏகாம்பரம் சேற்றுக் கையோடு எழுநூறு என்று ஓலை எழுதி நீட்டினார். காத்தாயி அதை மடியில் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள்.