சதுப்பில் கிடந்த கருமரம்

ஒரு காட்டில் ஒரு நரியும் ஒரு கிழ எருமையும் இருந்தன. குழந்தைகளே, எருமைக்கு முதலில் துரோகம் செய்தது அந்த நரிதான். இதை மறந்துவிடாமல் கதையைக் கேளுங்கள்.

அந்தக் காட்டின் நடுவே ஒரு சதுப்பு நிலம். யாருக்கும் நினைவில்லாத காலத்தில் விழுந்த ஒரு பெரிய மரம் அதன் சேற்றுக்கடியில் கிடந்தது. அது அழுகவில்லை. காக்கை இறகுபோலக் கறுத்து, கல்போல இறுகியிருந்தது. கிழ எருமை தினமும் சேற்றில் இறங்கி அந்த மரத்தில் முதுகைத் தேய்க்கும். அப்படித் தேய்த்தால்தான் அதற்கு அரிப்பு அடங்கும்.

ஒருநாள் நரி வந்தது.

"எருமை மாமா, அந்த மரத்தை இழுத்துக் கொடு. சிங்கராஜாவுக்குச் சிம்மாசனம் செய்கிறேன். மிச்சக் கட்டையில் உனக்கு முதுகு தேய்க்க ஒரு கம்பம் நட்டுத் தருகிறேன். ராஜாவிடம் உன் பேரையும் சொல்கிறேன்."

எருமை நம்பியது. காட்டுக்கொடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கொடி தோலை அறுக்க அறுக்க, மரத்தைக் கரைக்கு இழுத்துப் போட்டது.

நரி அதை நல்ல வெயிலில் உருட்டிவிட்டது.

"வேண்டாம் தம்பி!" என்றது எருமை. " சேற்றைவிட்டு எழுந்து வெயிலில் நின்றால் என் தோலே வெடிக்கிறது. இதுவோ தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரில் கிடந்தது. நிழலில் போட்டு, ஈரத் தழை மூடி, மெள்ளக் காயவிடு."

"இழுக்கச் சொன்னேன், இழுத்துவிட்டாய். இனி வாயை அசைபோட மட்டும் வைத்துக்கொள் மாமா. பௌர்ணமிக்கு ராஜா உட்கார வேண்டும்!"

மரங்கொத்திகள் கொத்திச் செதுக்கின. சிம்மாசனம் பளபளத்தது. மிச்சக் கட்டையில் நரி தனக்கு ஒரு கட்டில் செய்துகொண்டது.

"என் கம்பம் எங்கே?" என்றது எருமை.

"எந்தக் கம்பம்?" என்றது நரி.

 எருமை, சபையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

பௌர்ணமி வந்தது. சிங்கம் சிம்மாசனத்தில் ஏறி அமர்ந்தது.

"பலே! இந்த மரத்தைக் கொண்டுவந்தது யார்?"

"கண்டதும் நான், கழுத்து அறுபட இழுத்ததும் நான், செய்ததும் நான், ராஜா! வேறு ஒரு பயலும் கை வைக்கவில்லை!" என்றது நரி.

எருமையின் கழுத்துப் புண் சுரீரென்றது. "பொய்!" என்று கத்த வாயைத் திறந்தது.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். சிம்மாசனத்தின் காலில் மயிரிழை போல ஒரு கீறல். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எருமையின் வாய் திறந்தபடியே நின்றது. இழுத்தது நான் என்று சொன்னால் வெடிப்பும் தன் தலையில் விழும். சொல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் நரியின் பெயருக்குப் போகும். மறுபடியும் 'டிக்'. கீறல் இருக்கைவரை ஏறிவிட்டது.

"என்ன எருமையே, ஏதோ சொல்ல வந்தாய்?" என்றது சிங்கம்.

"கொட்டாவி, ராஜா."

படார்! சிம்மாசனம் இரண்டாகப் பிளந்தது. சிங்கம் மல்லாக்க விழுந்தது. மரத்தின் மேலிருந்த குரங்குகள் கெக்கெக்கென்று சிரித்தன.

"யார் இழுத்துவந்த மரம் இது?" என்று சிங்கம் உறுமியது.

"எருமை! எருமைதான் ராஜா!"

"வேறு ஒரு பயலும் கை வைக்கவில்லை என்று இப்போதுதானே சொன்னாய்?"

நரி எடுத்தது ஓட்டம். சிங்கம் விரட்டிக்கொண்டு போனது. மலையைத் தாண்டிய நரி பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

எருமை சதுப்புக்குத் திரும்பியது. வழக்கமான இடத்தில் இறங்கி முதுகைச் சாய்த்தது. அங்கே மரம் இல்லை. முதுகு அரித்தது. ராஜாவிடம் முறையிடலாம் என்றால், மரத்தை இழுத்தது யார் என்பது வெளியே வந்துவிடும். எருமை வாயை மூடிக்கொண்டு சேற்றில் கிடந்தது. நரி தர வேண்டிய கம்பம் இன்றும் பாக்கி.

நீதி: பிறர் உழைப்பின் புகழைத் திருடுபவன் அதன் பழியையும் தானே சுமக்க வேண்டும்.