ராஜா கண்ணில் படாத நாற்பது வீடு

எத்தனையோ மழைக்காலங்களுக்கு முன்னால், வெண்கோட்டை என்ற நகரத்தைச் சிங்கவேள் ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு என்று இருப்பவர். ஒருநாள் உப்பரிகையில் நின்று பானகம் குடித்தவர் முகம் சுளித்தார். "அரண்மனைக்கு எதிரே இதென்ன குடிசைகள்? கண்ணை உறுத்துகிறதே!"

அந்த அரண்மனைக்கே செங்கல் அறுத்துக் கொடுத்த நாற்பது குடும்பங்களின் குடிசைகள் அவை. மந்திரி மருதப்பன் பிறந்ததும் அங்கேதான். அரண்மனைக் கட்டட அதிகாரி தாண்டவராயருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. ராயர் முந்திக்கொண்டு சொன்னார்:

"மகாராஜா, செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம் பக்கத்திலேயே சும்மா கிடக்கிறது. அதில் வீடு கட்டிக்கொள்ளட்டும். ஆனால் வெளிமண் ஒரு கூடைகூடப் போட்டு நிரப்பக் கூடாது. உப்பரிகையிலிருந்து ஒரு வீடும் தெரியக் கூடாது. மூன்று மாதத்தில் முடியாவிட்டால் ஊரைவிட்டுப் போகட்டும், மந்திரியாரோடு!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மருதப்பன் பள்ளத்தில் இறங்கினார். மழை பெய்தால் நிரம்பும் பள்ளத்தில் நாற்பது அடுப்பை எங்கே வைப்பது? நடுவில், தோண்டிய ஆழத்துக்குச் சாட்சியாக விட்டுவைத்த மண்திட்டு இன்னும் நின்றது. பெருமழை வருஷத்தில் தண்ணீர் ஏறிய மட்டத்தில் அப்பா பதித்த கல்லும் அதில் இருந்தது. சித்திரை வெயிலில் அம்மா இந்தச் சரிவின் நிழலில்தான் கூழ் ஊற்றுவாள். மேலே ஊர் வேகும், இங்கே உடம்பு குளிரும். அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று! மந்திரி மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். அதே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்வெட்டி கேட்டார்.

மூன்று மாதம் கழிந்தது. உப்பரிகையிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று கீரைப் பாத்திகள்தான் தெரிந்தன.

"வீடே இல்லை மகாராஜா!" என்று துள்ளினார் ராயர். ராஜா கோபத்தோடு விடுவிடுவென்று நடந்து பாத்தி நடுவே போய் நின்றார்.

"எங்கே மருதப்பா வீடு?"

அவர் காலுக்கடியில் தொம் தொம்மென்று உலக்கைச் சத்தம் கேட்டது. "யாரு அது மேலே? கீரையை மிதிக்காதீங்க சாமி!" என்று ஒரு பெண்குரல் அதட்டியது.

"தாங்கள் நிற்பது முத்தாயி வீட்டுக் கூரை, மகாராஜா" என்றார் மருதப்பன்.

அரண்மனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சரிவில் நான்கு படிகளாக நாற்பது வீடுகள். கீழ்வீட்டுக் கூரை மேல்வீட்டுக்கு முற்றம். செங்கல் அந்தப் பள்ளத்து மண்ணிலேயே அறுத்தது. அப்பாவின் கல்லுக்கு மேல்மட்டத்தில்தான் முதல் வரிசை. மழைத்தண்ணீர் அடியில் குளமாக நிற்க இடம் விட்டிருந்தது.

முத்தாயி கொடுத்த கூழைக் குடித்த ராஜா, சாயங்காலம்வரை அந்தக் குளிர்ச்சியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இந்த இடம் இவர்கள் பேரன் பேத்திகளுக்கும் சொந்தம்" என்றார். பிறகு சிரித்தார். "ராயரே, நாளையிலிருந்து தினமும் உப்பரிகையில் நின்று பாரும். ஒரு வீடாவது தெரிகிறவரை இறங்கக் கூடாது!"

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. உப்பரிகையில் ராயர் நனைந்தபடி வீடு தேடிக்கொண்டிருந்தார். பள்ளத்தில் தண்ணீர் ஏறி ஏறி வந்து, கல்லைத் தொட்டு, அதற்குமேல் ஏறவில்லை.

முத்தாயி வாசலில் உட்கார்ந்திருந்த மருதப்பன் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"எங்க அப்பா சொன்ன இடத்துல நின்னுருச்சு, தாயி" என்றார்.