ஆள் இருக்கிற வீடு

குப்பணாபுரத்தில் பெத்துராசு, சீனிச்சாமி, அய்யலு என்று அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். தனித்தனியாக யோசித்தாலே விபரீதமாகத்தான் முடியும். ஆனாலும் எதையும் ஒன்றாகக் கூடித்தான் யோசிப்பார்கள். அவ்வளவு ஒற்றுமை.

அந்த வருஷம் அக்கினி நட்சத்திரம் பொறுக்க முடியாமல் கொளுத்தியது. பெத்துராசுவின் மனைவி குருவம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாத்தூரில் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள்: "என் சங்கிலியும் கல்யாணப் பட்டும் பீரோவுல இருக்கு. அதுல ஒண்ணு காணாமப் போச்சுன்னாலும் நான் இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

பெத்துராசுவுக்கு மனைவி மேல் கொள்ளைப் பிரியம். வீட்டை விட்டு நகரவே பயந்தார். ஆனால் தம்பிகளுக்குக் கொடைக்கானல் போக ஆசை. அவருக்கும் கொஞ்சம் ஆசைதான்.

அந்தச் சமயம் பார்த்து போலீஸ் ஏட்டு ஒருவர் தெருவில் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். "கோடையில வெளியூர் போறவங்க கவனமா இருக்கணும். வாசல்ல பூட்டுத் தொங்கினா திருடனுக்கு வெத்தலை பாக்கு வச்ச மாதிரி. வீடு எப்பவும் ஆள் இருக்கிற மாதிரியே தெரியணும். எங்க போறோம்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது."

மூன்று பேரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் பூட்டு. வாசலில் தொங்கக்கூடாது என்பதால் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கூரை ஓடுகளை விலக்கி வெளியே வந்து, அவற்றை மறுபடி ஒழுங்காக அடுக்கினார்கள். அதற்கு முன்பே டிவியைச் சத்தமாகப் போட்டாகிவிட்டது. இருந்த வேட்டி சட்டை எல்லாவற்றையும் கொடியில் காயப்போட்டாகிவிட்டது. மூன்று ஜோடிச் செருப்பும் வாசலில்.

"அண்ணே, தார் ரோடு கொதிக்கு. நான் மட்டும் செருப்பைப் போட்டுக்கிடவா?" என்றான் அய்யலு.

"போட்டா ரெண்டு ஜோடிதான் மிஞ்சும். ரெண்டு பேருதானேன்னு திருடன் துணிஞ்சு உள்ள வந்துருவான்" என்றான் சீனிச்சாமி.

பெத்துராசு பீரோவில் இருந்த சங்கிலியை நினைத்துக்கொண்டார். "நடங்கடா" என்றார்.

எந்த ஊர் பஸ் என்று யாரிடமும் கேட்காமல் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் வந்து, "எங்க போகணும்?" என்று கேட்டார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதைச் சொல்ல முடியாதுங்க" என்றார் பெத்துராசு, மரியாதையாக.

"சொன்னாத்தானய்யா டிக்கெட் கிழிக்க முடியும்?"

"இப்படித்தான் நைசா கேப்பாங்கன்னு ஏட்டையா அப்பவே சொன்னாரு" என்று சீனிச்சாமி அண்ணன் காதைக் கடித்தான்.

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு, பஸ் கடைசியாகப் போய் நிற்கும் ஊருக்கு மூன்று டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். அது கடலோரத்தில் ஓர் உப்பள ஊர். எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்.

"கொடைக்கானல்ல பனி கொட்டும்னு சொன்னாங்களே, சும்மா இல்லண்ணே" என்று அய்யலு மலைத்துப்போனான்.

கால் வெடிப்பில் உப்பு ஏறி எரிந்தபோது, பனி ரொம்பக் கடுமை என்று பெத்துராசு முடிவுசெய்தார். குளிரைத்தான் காணோம். அது ராத்திரிதான் வரும் போலிருக்கிறது என்று காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு வாரம் வேர்த்துக் கொட்டி ஊர் திரும்பினார்கள்.

தெருமுனை திரும்பியதும் பெத்துராசு அப்படியே நின்றுவிட்டார். வாசலில் செருப்பு கிடந்தது. கொடியில் துணி ஆடியது. உள்ளே பேச்சும் சிரிப்பும் கேட்டன.

"அண்ணே, நம்ம வீட்டுல ஆள் இருக்கு" என்றான் சீனிச்சாமி.

"நாமதானே ஆள் இருக்கிற மாதிரி வச்சிட்டுப் போனோம்?" என்றான் அய்யலு.

"மாதிரிக்கும் அசலுக்கும் வித்தியாசம் தெரியாதாடா எனக்கு? நாம வச்சது இவ்வளவு நல்லா இருக்காது" என்றார் பெத்துராசு.

கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. தள்ளிப் பார்த்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே இருந்துகொண்டு யாரால் உள்தாழ்ப்பாள் போட முடியும்? பெத்துராசுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஓட்டைப் பிரிச்சு இறங்கிப் பாப்பமா?" என்று அய்யலு கேட்டான்.

"ஆள் இருக்கிற வீட்டுல ஓட்டைப் பிரிச்சு இறங்குறவனுக்கு என்ன பேரு தெரியுமாடா?" என்றான் சீனிச்சாமி.

அய்யலு பேச்சை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தான். "நம்ம செருப்பு மாதிரியே வாங்கியிருக்காங்க. எடுத்துப் போட்டுக்கிடவா? கால் எரியுது."

"அடுத்தவன் செருப்பைத் தொடாத. அது திருட்டு" என்றார் பெத்துராசு. அந்த நிலையிலும் அவருக்கு நியாயம் தவறவில்லை.

எதிரே டீக்கடை வைத்திருந்த மாசாணத்திடம் விசாரித்தார்கள்.

"ஒரு வாரமா டிவி சத்தம் காதைப் பிளக்குது. உள்ள நீங்கதான இருக்கீங்க?" என்றார் மாசாணம்.

"நாங்க இந்தா நிக்கோம். அப்ப உள்ள இருக்கிறது நாங்க இல்லைன்னு ஆகுதுல்ல?" என்று சீனிச்சாமி கேட்டான்.

மாசாணம் மூன்று டீ போட்டார்.

டீக்கடை மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. அதில் குடியேறி, ஜன்னல் வழியாகத் தங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்போது குருவம்மாவின் போன் வந்தது.

"வீடு பத்திரமா இருக்கா?"

பெத்துராசு பொய் சொல்லத் தெரியாதவர். "ரொம்பப் பத்திரமா இருக்கு தாயி. நாங்களே உள்ள போக முடியலன்னா பாத்துக்க."

போனை வைத்துவிட்டுத் தம்பிகளைப் பார்த்தார். வழியை அவரே கண்டுபிடித்தார். "வெயிலு இந்தப் போடு போடுது. அவங்களும் வெளியூர் போகாமலா இருப்பாங்க? வாசல்ல பூட்டுத் தொங்கட்டும். அன்னைக்கே உடைச்சு உள்ள போயிருவோம்."

தம்பிகள் அண்ணனின் மூளையை மெச்சிக்கொண்டிருந்தபோது கீழே ஏட்டு டீ குடிக்க வந்தார். பெத்துராசு வெறுங்காலோடு மாடிப்படியில் இறங்கி ஓடி, அவர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏட்டையா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஊருக்கே யோசனை சொல்லுங்க. அந்த எதுத்த வீட்டுக்காரங்களுக்கு மட்டும் சொல்லிராதீங்க."