செவலை கிளறும் மண்

அந்தக் காலத்தில் கோழிகள் நம்மைப் போலவே பேசும். ஊர்வம்பும் பேசும். வாய்க்கு ஓய்வே கிடையாது.

கொல்லிமலையில் சடைச்சி என்றொருத்தி தனியாகக் குடியிருந்தாள். அவளுக்குத் துணை செவலை என்னும் பெட்டைக்கோழி மட்டுந்தான். மார்கழியில் அந்த மலையில் குடத்துத் தண்ணீரைத் தொட முடியாது, விரல் மரத்துப்போகும். முந்தின வருஷம் செவலை பொரித்த குஞ்சுகள் ஒன்று விடாமல் குளிரில் விறைத்துச் செத்தன. இந்த வருஷம் ஏழு பொரித்திருந்தது.

“அக்கா, போன தடவ பறிகொடுத்தது போதும். இந்த ஏழு குஞ்சையும் எப்படியாச்சும் காப்பாத்திக் குடு,” என்றது செவலை.

“அழுவாத புள்ள. ஒரு பொட்டுக் காத்து உள்ள வராம நான் பாத்துக்கறேன்.”

சொன்னதைச் செய்கிறவள் சடைச்சி. கோழியை அடைக்கும் மூங்கில் பஞ்சாரத்தின் சந்துகளில் செம்மண்ணும் சாணமும் குழைத்து அப்பினாள். உள்ளே ஒரு பூச்சு, வெளியே ஒரு பூச்சு. இரண்டு நாள் காய்ந்ததும் தட்டிப் பார்த்து, வீட்டுச் சுவர்கூட இப்படி அமையவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். அன்று பொழுது சாயும் நேரம் ஒரு சட்டி நிறையத் தணல் அள்ளி உள்ளே வைத்து, தாயையும் குஞ்சுகளையும் விட்டாள்.

“அக்கா, மேல ஒரு வெரக்கட அளவாச்சும் தொறந்து வையி. மூச்சு முட்டுது.”

“ஒரு வெரக்கட தொறந்தாலே குளிரு பூந்துக்கும். பேசாமப் படு.”

பஞ்சாரத்தின் வாசலில் பலகையைச் சாத்தி, கல்லை அண்டக்கொடுத்தாள். காட்டுப்பூனைக்குப் பயந்து செவலை பலகையடியிலேயே காவலாகப் படுத்தது. குஞ்சுகள் தாயின் சிறகை விட்டுவிட்டுச் சட்டியைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. கதகதப்பு அங்கேதானே இருந்தது!

விடிந்து பலகையை எடுத்தாள். செவலை துவண்டு விழுந்தது. பலகையின் கீழ்ச்சந்தில் வந்த காற்றில் அதற்கு மட்டும் மூச்சு இருந்தது. குஞ்சுகளை எடுத்துப் பார்த்தாள். உடம்பு இன்னும் சூடாகவே இருந்தது, உயிர்தான் இல்லை.

சடைச்சி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பாவி, அதோடு நின்றிருக்கலாம். செவலை கண் திறப்பதற்குள் புழக்கடையில் ஆழமாகக் குழி தோண்டி ஏழு குஞ்சுகளையும் புதைத்து, மேலே தடம் தெரியாமல் மண்ணைச் சமன் செய்துவிட்டாள்.

“அக்கா, எம்புள்ளைங்க எங்க?”

“மண்ணுக்குள்ள கதகதன்னு இருக்குமேன்னு... அங்க படுக்க வச்சிருக்கேன்.”

“எந்த எடத்துல?”

இடத்தைக் காட்ட அவளுக்குக் கை எழவில்லை. புழக்கடை முழுவதையும் பொதுவாகக் காட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செவலை காலால் மண்ணைக் கிளறியது. ஓரடி பின்வாங்கிக் குனிந்து பார்த்தது. இல்லை. பக்கத்தில் கிளறியது, பார்த்தது. அங்கேயும் இல்லை. உச்சி வேளைக்குள் புழக்கடை முழுதும் புரண்டு கிடந்தது, அதன் நகத்துக்கு அந்த ஆழம் எட்டவில்லை. சாயங்காலம் சடைச்சி வெளியே வந்து, பஞ்சாரத்தில் அப்பிய மண்ணையெல்லாம் கல்லால் தட்டி உதிர்த்தாள்.

“செவலை, என்னோட ஒரு வார்த்த பேசு புள்ள,” என்று கெஞ்சினாள்.

செவலை பேசவில்லை. அவளிடம் மட்டுமல்ல, அதற்குப் பிறகு எந்த மனிதரிடமும் பேசவில்லை. சேதி கேட்ட மற்றக் கோழிகளும் மனிதரோடு பேச்சை விட்டன.

அன்று முதல்தான், எவ்வளவு குளிரடித்தாலும் பஞ்சாரத்தின் சந்தை யாரும் அடைப்பதில்லை. அன்று முதல்தான், முறம் நிறையக் கம்பைக் கொட்டினாலும் கோழி அதைக் காலால் கிளறிவிட்டு, ஓரடி பின்வாங்கிக் குனிந்து பார்க்கிறது. கீரைப்பாத்தியைக் கெடுத்துவிட்டதென்று நாமும் கல்லெடுத்து விரட்டிக்கொண்டிருக்கிறோம்.